கனமும் கனலும்: பாம்பன் கரையில் பற்றவைப்பின் வரம்புகள்

1914 பிப்ரவரியில் பாம்பன் கால்வாயின் மேல் ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்தப் பாலத்தின் எஃகைப் பிடித்திருந்தவை ரிவெட்டுகள். ரிவெட் தளர்ந்தால் சுத்தியலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். துருவேறினால் கண்ணுக்குத் தெரியும். பழுதானதை வெட்டியெடுத்துப் புதிதாக ஒன்றை அடிக்கலாம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் பாலத்தை மீட்டெடுக்க முடிந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நீளம் 2.08 கிலோமீட்டர், 99 கண்கள், நடுவே 72.5 மீட்டர் நீளத்தில், கப்பலுக்கு வழிவிடச் செங்குத்தாக 17 மீட்டர் உயரும் தூக்குக் கண். அந்தத் தூக்குக் கண்ணின் இணைப்புகள் பற்றவைத்தவை.

பற்றவைப்பு தன் குறையை வெளியே காட்டாது. மேலே அழகாக மீன்செதில் போல் படிந்திருக்கும் வரிசைக்குக் கீழே, தட்டின் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு எஃகின் குணம் மாறியிருக்கும். மாறிய குணம் நல்லதா கெட்டதா என்பதை அந்த இணைப்பை உடைத்துப் பார்த்தால்தான் முழுமையாக அறிய முடியும். ஓடவேண்டிய பாலத்தை உடைத்துப் பார்க்க இயலாது. ஆகவே வேலை தொடங்குமுன் அதே எஃகு, அதே வெல்டிங் ராடு, அதே மின்னோட்டம் கொண்டு ஒரு சோதனைத் தட்டைப் பற்றவைத்து, அதை அறுத்து, இழுத்து, வளைத்து, அடித்துப் பார்க்கிறார்கள். தேறினால், அந்த அளவுகள் ஒரு முறைத் தாளாக மாறும். பிற தொழில்களில் டபிள்யூ.பி.எஸ். என்றும், இந்திய ரயில்வேயில் டபிள்யூ.பி.எஸ்.எஸ். என்றும் வழங்கும் தாள் இதுதான். ரயில்வே பாலங்களில் இதற்கு ஒப்புதல் தருவது லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.

ஒரு தட்டில் செய்த சோதனையை எத்தனை கனமுள்ள தட்டுகளுக்கு நீட்டலாம்? சோதனையில் கொடுத்த வெப்பத்திலிருந்து களத்தில் எவ்வளவு விலகலாம்? இவ்விரண்டுக்கும் உலகத் தரநிலைகள் வெவ்வேறு விடைகளைச் சொல்கின்றன. விடைகள் வேறுபடுவதில் தவறில்லை. ஆனால் அவை இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகவே நடத்துகின்றன. எஃகு அப்படி நடத்துவதில்லை.

பாம்பன் விவாதத்திலிருந்தே தொடங்கலாம். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் புதிய பாலத்தை ஆய்வு செய்து தந்த அறிக்கை, ரயில்களை ஓட அனுமதித்ததோடு சில கடுமையான கேள்விகளையும் எழுப்பியது. பாலத்தின் பிற பகுதிகளில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தையும் தூக்குக் கண்ணில் 50 கிலோமீட்டரையும் அது அனுமதித்தது. தூக்குக் கண்ணின் வடிவமைப்பில் ஆர்.டி.எஸ்.ஓ. ஒதுங்கி நின்றதை அது குறையாகச் சுட்டியது. ரயில்வே தரப்பு விளக்கம் அளித்தது: வடிவமைப்பை வெளிநாட்டு ஆலோசகர் செய்தார், சென்னை ஐ.ஐ.டி. சரிபார்த்தது, பற்றவைத்த இணைப்புகளைப் ஃபேஸ்டு அரே அல்ட்ராசோனிக் முறையில் திருச்சி பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் சோதித்தது. பெல் நிறுவனத்தின் கீழ் 1975 முதல் இயங்கும் அந்த நிலையத்தின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அல்ட்ராசோனிக் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. விரிசல், குழி, உருகாத ஓரம், உள்ளே சிக்கிய கசடு இவற்றை அது காட்டும். எஃகு உடையுமளவுக்குக் கடினமாகிவிட்டதா, அடிதாங்கும் தன்மையை இழந்துவிட்டதா என்பதை அது காட்டாது. அந்த இரண்டுக்கும் முதன்மையான சாட்சி, முன்பே உடைத்துப் பார்த்த சோதனைத் தட்டுதான். பொதுவெளி விவாதத்தில் அந்தத் தட்டைப் பற்றி யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

வெப்ப உள்ளீடு என்பது கணக்கில் எளிது. வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கி, கை அல்லது இயந்திரம் நகரும் வேகத்தால் வகுத்தால், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு எத்தனை கிலோ ஜூல் போகிறது என்பது கிடைக்கும். சப்மெர்ஜ்டு ஆர்க் இயந்திரம் 30 வோல்ட், 600 ஆம்பியரில் நிமிடத்துக்கு 450 மில்லிமீட்டர் நகர்ந்தால் மில்லிமீட்டருக்கு 2.4 கிலோ ஜூல். கையில் ராடு பிடித்து 24 வோல்ட், 130 ஆம்பியரில் நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் போனால் சுமார் 1.25. இதில் ஐரோப்பியர்கள் ஒரு திருத்தம் வைத்திருக்கிறார்கள்: சப்மெர்ஜ்டு ஆர்க்கில் வெப்பம் முழுவதும் தட்டுக்குள் போவதாகவும், ராடிலும் சி.ஓ.டூ. வெல்டிங்கிலும் 80 விழுக்காடே போவதாகவும், டிக் வெல்டிங்கில் 60 விழுக்காடே போவதாகவும் கொண்டு பெருக்குகிறார்கள். அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிநூலின் 9ஆம் பிரிவு இந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை. ஒரே வேலைக்கு இரண்டு எண்கள் வந்தால் சண்டை வேண்டாம். எந்த நூலில் தகுதி பெற்றதோ அந்த நூலின் கணக்கையே களத்திலும் பின்பற்றினால் போதும்.

எஃகுக்கு இந்த எண் தெரியாது. அதற்குத் தெரிந்தது தான் குளிரும் வேகம். 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு இறங்க எத்தனை நொடி ஆயிற்று என்பதே பெரும்பாலும் ஓரத்தின் உள்ளமைப்பை முடிவு செய்கிறது. நேரம் நீண்டால் படிகங்கள் பருத்து, அடித்தால் உடையும் எஃகு கிடைக்கும். நேரம் குறுகினால் மார்டென்சைட் என்ற கடினமான அமைப்பு உருவாகி, அதில் ஹைட்ரஜன் சேர்ந்தால், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து விரிசல் பிறக்கும். ஒரு பக்கம் சகதி, இன்னொரு பக்கம் பாறை, வழி நடுவில்.

குளிரும் வேகத்தை வெப்ப உள்ளீடு மட்டும் தீர்மானிப்பதில்லை. தட்டின் கனமும் தீர்மானிக்கிறது. கனமான தட்டில் வெப்பம் கீழேயும் பக்கவாட்டிலும் ஓடிவிடும். மெல்லிய தட்டில் அது பக்கவாட்டில் மட்டுமே ஓட முடியும், ஆகவே தங்கும். ஐரோப்பிய ஈ.என். 1011 தரநிலையில் இதற்கு வாய்பாடு இருக்கிறது. ராமநாதபுரத்துப் பகல் வெப்பம் 30 டிகிரி என்று வைத்து, தட்டின் மேல் ஓடும் ஒரே ஓட்டத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். 2.4 கிலோ ஜூலில் 25 மில்லிமீட்டர் தட்டு 800இலிருந்து 500க்குக் குளிரச் சுமார் 13 நொடி ஆகிறது. அதே வெப்பத்தில் 16 மில்லிமீட்டர் தட்டுக்குச் சுமார் 27 நொடி; 12 மில்லிமீட்டருக்கு 47 நொடி. சுமார் 23 மில்லிமீட்டருக்கு மேல் போனால், அந்த வெப்பத்துக்குக் கனம் கூடினாலும் நேரம் குறையாது; 50 மில்லிமீட்டரிலும் 13 நொடிதான்.

இப்போது விதிநூல்களுக்கு வருவோம். 25 மில்லிமீட்டர் சோதனைத் தட்டு ஒன்று தேறியிருக்கிறது. பல ஓட்டங்களில் பற்றவைத்தது. அது எந்தக் கனத்துக்கெல்லாம் செல்லும்? ஏ.எஸ்.எம்.இ. 9ஆம் பிரிவு, அடிதாங்கும் சோதனை கேட்கப்படாத வேலைகளுக்கு, 5 முதல் 50 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கும். அந்தச் சோதனை கேட்கப்பட்டால் கீழ் எல்லை 16 மில்லிமீட்டருக்கு உயரும். ஐ.எஸ்.ஓ. 15614இன் முதல் பகுதி 12.5 முதல் 50 வரை என்கிறது. அமெரிக்கக் கட்டுமான விதிநூல் ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 இதே தட்டுக்கு 3 மில்லிமீட்டரிலிருந்து எல்லையே இல்லாமல் அனுமதி தருகிறது. ஒரே தட்டு, ஒரே இயற்பியல்; மூன்று நூல்களில் மூன்று விடைகள்.

இது குழப்பமாகத் தோன்றினாலும் இதற்குள் தர்க்கம் உண்டு. கொதிகலன்களையும் அழுத்தக் கலங்களையும் மனதில் வைத்து எழுந்தது ஏ.எஸ்.எம்.இ.; வலிமை, வளைவு இரண்டையும் பார்த்தால் போதும் என்ற இடத்தில் அது தாராளமாக இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் வேலை செய்யும் கலத்துக்கு அடிதாங்கும் சோதனை கேட்கும்போது மட்டும் இறுக்குகிறது. தனி ஓட்டம் 13 மில்லிமீட்டரைத் தாண்டிப் பருத்தால், தட்டின் கனத்தைச் சோதனைத் தட்டின் 1.1 மடங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் அதில் ஒரு விதி உண்டு. அது கனத்தின் வேடத்தில் வந்த வெப்ப விதி. விதிநூலை எழுதியவர்களுக்கு இரண்டும் ஒன்று என்பது தெரியும். படிக்கிற நாம்தான் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்கிறோம்.

வெப்பத்துக்கான வரம்பைப் பாருங்கள். ஏ.எஸ்.எம்.இ.யில் அடிதாங்கும் சோதனை கேட்கப்பட்டால் சோதனைத் தட்டில் கொடுத்ததைவிட வெப்ப உள்ளீட்டைக் கூட்டக்கூடாது. குறைப்பதைப் பற்றிப் பேச்சில்லை. ஐ.எஸ்.ஓ.வில் அடிதாங்கும் தன்மை கேட்கப்பட்டால் மேல் எல்லை 25 விழுக்காடு அதிகம் வரை. கடினத்தன்மைக்கு வரம்பு கேட்கப்பட்டால் கீழ் எல்லை 25 விழுக்காடு குறைவு வரை. இவ்விரண்டில் கீழ் எல்லையை ஒரு விதியாக எழுதியிருப்பது இந்த நூல்தான். என் தராசில் இதுவே நேர்மையான எழுத்து.

ஆனாலும் இரண்டு வரம்புகளையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 25 மில்லிமீட்டர் தட்டில், 2.4 கிலோ ஜூலில் தேறிய முறை. ஐ.எஸ்.ஓ. தரும் அனுமதிக்குள் நின்றே 12.5 மில்லிமீட்டர் தட்டை எடுத்து, வெப்பத்தை 25 விழுக்காடு கூட்டி 3 கிலோ ஜூல் கொடுக்கலாம். குளிரும் நேரம் 13 நொடியிலிருந்து 68 நொடிக்குப் போய்விடுகிறது. ஐந்து மடங்குக்கும் மேல். எந்த விதியும் மீறப்படவில்லை, ஆனால் சோதனைத் தட்டில் கண்ட எஃகு களத்தில் இல்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். 12 மில்லிமீட்டர் தட்டில் ராடு பிடித்து 1 கிலோ ஜூலில் சோதனை தேறியது. குளிரும் நேரம் சுமார் 8 நொடி. அதே முறையை இருமடங்குக் கனம் வரை, அதாவது 24 மில்லிமீட்டர் வரை எடுத்துப் போகலாம். வெப்பத்தைக் கால்பங்கு குறைக்கலாம். அந்த 24 மில்லிமீட்டர் தட்டின் மேல் இன்னொரு தட்டைச் செங்குத்தாக நிறுத்தி ஃபில்லெட் போட்டால் வெப்பத்துக்கு ஓட மூன்று பாதைகள். நேரம் 3 நொடிக்கும் கீழே இறங்குகிறது. கார்பன் சமஎண் 0.47 வரை போக அனுமதி உள்ள ஐ.எஸ். 2062 ஈ350 எஃகில் 3 நொடி என்றால் கடினத்தன்மை 380 விக்கர்ஸ் வரம்பைத் தாண்டும் ஆபத்து நிஜமானது. பட்டறைகளில் ‘டாக்’ என்று சொல்லும் சிறு பற்றுகளில் நிலைமை இதைவிட மோசம்; அவை குட்டையானவை, வெப்பமும் குறைவு, ஆனால் எந்தத் தாளிலும் பெரும்பாலும் தனி வரி பெறாதவை.

இந்தக் கரைக்கு எந்தப் பக்கம் ஆபத்து அதிகம்? மேல் எல்லையை நூல்கள் கவனிக்கக் காரணம் குளிர்நாட்டு அனுபவம். குளிரில் எஃகு உடையும். நம் ஐ.எஸ். 2062 தரநிலையிலும் அதே தர்க்கம்தான்: ‘ஏ’ தரத்துக்கு அடிதாங்கும் சோதனை கிடையாது, ‘பி.ஆர்.’ தரத்துக்கு வாங்குபவர் கேட்டால் அறை வெப்பத்தில், ‘பி-0’ தரத்துக்கு 0 டிகிரியில், ‘சி’ தரத்துக்குக் கழித்தல் 20 டிகிரியில். ராமேஸ்வரத்தில் குளிர்காலத்து அதிகாலையும் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும். இங்கே எஃகு குளிரால் உடையும் வாய்ப்பு சிறிது. எனவே மேல் எல்லை தேவையில்லை என்று சொல்லவரவில்லை. ரயில் பாலத்தில் ஒவ்வொரு வண்டியும் எஃகை ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறது, சிறு விரிசலும் வளரும், அப்போது அடிதாங்கும் தன்மையே கடைசி அரண். ஆனால் விரிசல் முதலில் பிறப்பதற்கான வாய்ப்பு இந்தக் கரையில் கீழ் எல்லைப் பக்கமே அதிகம் என்பது என் கணிப்பு. காரணம் ஈரம்.

மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே இருக்கும் தீவு பாம்பன். காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. 7018 வகை ராடுகள் ஹைட்ரஜன் குறைந்தவை என்று பெயர் பெற்றவை. ஆனால் பெட்டியைத் திறந்து வெளியில் போட்டுவைத்தால் பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்க ஏ.டபிள்யூ.எஸ். விதிநூல் இவற்றை 260 முதல் 430 டிகிரிக்குள் 2 மணி நேரம் சுடச் சொல்கிறது. பிறகு 120 டிகிரிக்குக் குறையாத அடுப்பில் வைத்திருக்கச் சொல்கிறது. வெளியே எடுத்தால் 4 மணி நேரமே கெடு. பெரிய ஒப்பந்தங்களில் அடுப்பு இருக்கும். படகு, ஐஸ் பெட்டி, கேட், கிரில் வேலை பார்க்கும் சிறு பட்டறைகளில் ராடு மூலையில் சாய்ந்திருக்கும். ‘வெயிலில் காயவைத்தால் போதும்’ என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. வெயில் 60 டிகிரி, தேவை 260.

தட்டை முன்கூட்டிச் சூடாக்குவதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. 100 டிகிரி முன்சூடு கொடுத்தால் குளிரும் நேரம் மிக நீளும் என்று நினைக்கிறார்கள். கனமான தட்டில் 1 கிலோ ஜூலுக்கு அது 5.4 நொடியிலிருந்து 6.6 நொடிக்குத்தான் நீள்கிறது. முன்சூட்டின் உண்மையான பலன் வேறு: இரவில் தட்டில் படிந்த பனியையும் ஈரத்தையும் அது விரட்டுகிறது, 200 டிகிரிக்குக் கீழே குளிர்வது மெதுவாவதால் ஹைட்ரஜன் வெளியேற நேரம் கிடைக்கிறது. இந்தக் கரைக்கு அதுதான் வேண்டியது. உப்புப் படலத்தைச் சூடு போக்காது. அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்தாக வேண்டும்.

கடற்காற்று இன்னொரு கோணத்திலும் வந்து சேர்கிறது. சி.ஓ.டூ. வெல்டிங்கில் வாயு உருகிய உலோகத்தை மூடிக் காக்க வேண்டும். காற்று மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டினால் தடுப்பில்லாமல் அந்த வேலை கூடாது என்பது ஏ.டபிள்யூ.எஸ். விதி. பாம்பன் கரையில் அதற்குக் குறைவாகக் காற்றடிக்கும் நேரம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காற்று வாயுவைக் கலைப்பதோடு நிற்பதில்லை. காற்றை ஈடுகட்டுவதற்காக வெல்டர் ஆர்க்கைக் குறுக்கி, வேகமாக நகர்ந்துவிடுகிறார். வெப்ப உள்ளீடு விழுகிறது. மேல் எல்லையை மட்டும் பார்க்கும் ஆய்வாளரின் தாளில் அது ‘சரி’ என்றே பதிவாகும். புதிய பாலத்தின் எஃகுப் பாகங்களை ராமநாதபுரத்தை அடுத்த சத்திரக்குடியில் கூடம் அமைத்து உருவாக்கியதற்கு இடவசதி, ரயில்பாதை எனப் பல காரணங்கள் இருக்கலாம். பற்றவைப்பின் பார்வையில் அது நல்ல முடிவு. கடலின் மேல் நின்று செய்ய வேண்டிய வேலை குறையக் குறைய, சோதனைத் தட்டுக்கும் பாலத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது.

உலகில் இதற்கு மிகவும் பொருத்தமான முன்கதை மெல்போர்னின் கிங்ஸ் பாலம். 1961 ஏப்ரலில் திறந்தார்கள். 1962 ஜூலை 10 அன்று, குளிரான காலையில், ஒரு கனரக வண்டி ஏறியதும் அதன் ஒரு கண் இறங்கிவிட்டது. உத்தரத்தின் கீழ்த்தட்டோடு கூடுதல் தட்டு முடியும் இடத்தில், குறுக்கே போட்ட ஃபில்லெட்டின் ஓரத்தில் விரிசல்கள் இருந்தன. கட்டும் காலத்திலேயே பிறந்து, பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருந்தவையும் அவற்றில் உண்டு. எஃகு உயர்வலிமை ரகம். பற்றவைக்க அது எவ்வளவு கவனம் கேட்கும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் சரியாக எடைபோடவில்லை. அந்த விரிசல்களைத் திறந்து உடைத்தது குளிர்தான்; ஆனால் அவற்றைப் பெற்றெடுத்தவை கனமான தட்டு, சிறிய ஃபில்லெட், ஹைட்ரஜன் மூன்றும். குளிரை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எண்ணிப் பாருங்கள். அவை மூன்றும் பாம்பனிலும் உண்டு.

316 போன்ற துருப்பிடிக்காத எஃகில் இந்த வாதம் தலைகீழாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கடினமாகும் பயமில்லை. அதிக வெப்பமும் ஓட்டங்களுக்கிடையே ஆறவிடாத அவசரமும்தான் பயம். படிக ஓரங்களில் குரோமியம் குறைந்து, உப்புக்காற்று அங்கிருந்து அரிக்கத் தொடங்கும். 316எல் போன்ற கார்பன் குறைந்த ரகங்கள் அந்தப் பயத்தைப் பெரும்பகுதி குறைத்துவிட்டன. கடலோரத்துக் கைப்பிடிகள், படகுப் பொருத்துகள், ஐஸ் ஆலைக் குழாய்கள் எல்லாவற்றிலும் இந்த எஃகு பெருகிவருவதால், சாதா எஃகுக்கு எழுதிய தாளை இதற்கு நீட்டும் பழக்கத்தை விடவேண்டும்.

வழுதூர் எரிவாயு மின்நிலையத்தின் நீராவிக் குழாய்கள், பாம்பன் பாலம், மண்டபம் கரையில் பழுது பார்க்கப்படும் படகு என மூன்றையும் ஒரே விதிநூல் ஆள முடியாது, ஆளவும் வேண்டாம். கொதிகலனுக்கு 1950 இந்தியக் கொதிகலன் விதிகள் உண்டு, பாலத்துக்கு ரயில்வேயின் பற்றவைத்த பாலங்களுக்கான விதிநூல் உண்டு, பொதுவான எஃகு வேலைக்கு ஐ.எஸ். 7307 உண்டு. படகுப் பட்டறையில் பெரும்பாலும் வெல்டரின் கைப்பழக்கமே விதி. ஆனால் இவை அனைத்திலும் சேர்க்கக்கூடிய, செலவு அதிகமில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது. முறைத் தாளில் கனத்துக்கு ஒரு கட்டமும் வெப்பத்துக்கு ஒரு கட்டமும் இருப்பதற்குப் பதிலாக, கன வரம்பின் இரு முனைகளுக்கும் தனித்தனியே குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்ப உள்ளீட்டை எழுத வேண்டும். மெல்லிய முனைக்கு மேல் எல்லை இறங்கும். கனத்த முனைக்குக் கீழ் எல்லை ஏறும். வாய்பாடு கையில் இருக்கிறது. ஒரு செல்போன் கணக்குப் போதும்.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எஃகு வேலைக்கு டெண்டர் எழுதும் பொதுப்பணி, ரயில்வே, மீன்வளப் பொறியாளர்களிடம் கேட்பது மூன்று வரிகள்: குறைந்தபட்ச வெப்ப உள்ளீடு கட்டாயம், கனத்த முனையில் ஃபில்லெட்டுக்கும் டாக்குக்கும் கடினத்தன்மைச் சோதனை கட்டாயம், ராடு அடுப்பின் வெப்பப் பதிவேடு களத்தில் இருக்க வேண்டும். பாம்பன் போன்ற பொதுச் சொத்துக்கு நான்காவதாக ஒன்றும் சேரட்டும்: தேறிய சோதனைத் தட்டின் பதிவை, பாலத்தின் பாதுகாப்பு அறிக்கையோடு சேர்த்து மக்கள் பார்வைக்கு வையுங்கள்.